காட்டெருமை 450-உம் நான்காம் தெருப் பள்ளமும்

பள்ளத்தைக் கண்டால் மண்ணைக் கொட்டி மூடுவது பாமரர் வழக்கம். பள்ளத்துக்கு ஏற்ற வண்டியைத் தேடுவதுதான் தலைமைப் பண்பு. இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தும் பொறுப்பை வரலாறு விருத்தாசலம் செராமிக் பேட்டையின் நான்காம் தெருவிடம் ஒப்படைத்தது. தெரு அதைத் தன் உற்பத்தியாளர் நலச் சங்கச் செயலாளர் கோதண்டபாணியிடம் ஒப்படைத்தது. அவர் அதை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

தெருவின் நடுவே இருந்தது அந்தப் பள்ளம். மழைக்காலத்தில் அதில் கொக்கு நிற்கும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பூர்ணிமா அகல் விளக்கு வார்க்கும் கொட்டகை. அந்தப் பக்கம் எல்லோருக்கும் பொதுவான சூளை. சுடாத பச்சை விளக்கு குலுக்கினாலே உதிர்ந்துவிடும். தள்ளுவண்டியில் ஏற்றியதில் பாதிதான் சூளையைப் பார்த்தது. கார்த்திகைக்குள் சரக்கு போய்ச் சேராவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான் என்று பூர்ணிமா சங்கக் கூட்டத்தில் சொன்னாள். ரெண்டு லோடு ஜல்லி கொட்டினால் போதும் என்றும் சொன்னாள்.

கோதண்டபாணிக்குப் புன்னகை வந்தது. ஃபியூஸ் கட்டை தயாரிப்பவர் அவர். ஆனால் இரண்டு மாதமாகக் கைப்பேசியில் பனிமலைகளிலேயே வாழ்ந்து வந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரன் தினமும் ‘காட்டெருமை 450’ என்ற நாலு சக்கர பைக்கில் சேற்றைக் கிழித்துக்கொண்டு போவான். செயலாளர் அந்த வண்டியின் படத்தை மேசைமேல் வைத்தார்.

“நாலு சக்கரமும் ஓடும்ங்க.”

பொருளாளர் சாமிக்கண்ணு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓடாத சக்கரம் எந்த வண்டியில இருக்குது?”

“மத்த வண்டியில ரெண்டு சக்கரம் வேலை செய்யும். மிச்ச ரெண்டும் சும்மா கூட வரும்.”

“நம்ம கமிட்டி மாதிரி” என்றார் சாமிக்கண்ணு. அது கூட்டக் குறிப்பில் ஏற்றப்படவில்லை.

‘தொழில்நுட்ப ஆய்வு’ ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. வேப்பூர் ஹைவேயில் இருக்கும் ஷோரூமிலிருந்து இனியவன் என்ற பையன் காட்டெருமையை லாரியில் ஏற்றி வந்தான். பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவன், இவ்வளவு தரமான பள்ளத்தை இந்த மாவட்டத்தில் கண்டதில்லை என்று பாராட்டினான். செயலாளருக்குக் கண் கலங்கியது. பின்னால் பூர்ணிமாவின் விளக்குப் பலகைகளை அடுக்கிக் கட்டினார்கள். காட்டெருமை உறுமியது, இறங்கியது, சேற்றை நான்கு திசைக்கும் வாரி வீசியது, மறுகரையில் ஏறி நின்றது. தெருவே கைதட்டியது. பலகைகளில் மட்டும் வெள்ளையாக ஏதோ மாவு இருந்தது.

பூர்ணிமா அந்த மாவை விரலால் தொட்டாள். “விளக்கு எங்கண்ணா?”

“வண்டிக்கு ஒரு கீறல் விழுந்திருக்குதா பாரும்மா” என்றார் கோதண்டபாணி.

வண்டி முழு வெற்றி. விளக்குகளுக்குத்தான் போதிய பயிற்சி இல்லை என்று ஆய்வறிக்கை முடிந்தது.

வாங்கும் முடிவில் ஒரே ஒரு தடைதான் இருந்தது. அதை இனியவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். காட்டெருமைக்கு நம்பர் பிளேட் கிடைக்காது. தோப்பில் ஓட்டலாம், காட்டில் ஓட்டலாம், ரோட்டில் ஓட்டக்கூடாது. சாமிக்கண்ணு நிம்மதியாகப் பையை மூடினார். பூர்ணிமாவுக்கும் மூச்சு வந்தது. கோதண்டபாணி மட்டும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோட்டுலதான ஓட்டக் கூடாது?”

“ஆமாங்க.”

“இத ரோடுன்னு யார் சொன்னா?”

பெரிய கண்டுபிடிப்புகள் இப்படி எளிமையாகவே பிறக்கின்றன. நான்காம் தெருவில் ரோடு என்று ஒன்று இல்லை, என்றும் இருந்ததில்லை, இனியும் வேண்டியதில்லை என்று சங்கம் ‘ஏகமனதாக’ உரியவர்களுக்கு எழுதியது. ஏகமனது செயலாளருடையது. அடுத்த வாரமே காட்டெருமை மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்குள் வந்தது. அதற்கு அடுத்த வாரம், பூர்ணிமா என்றோ கொடுத்திருந்த மனுவுக்குப் பலனாக, ஜல்லி லாரியும் வந்துவிட்டது. கோதண்டபாணி காட்டெருமையைக் குறுக்கே நிறுத்தினார். இங்கே ரோடு இல்லாதபோது எதைச் செப்பனிடப் போகிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார். லாரி பின்னாலேயே போய்த் தெருவை விட்டு வெளியேறியது.

அன்றே பூர்ணிமா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பினாள், பிராது கட்ட. குறையை மனுவாக எழுதிச் சாமியிடம் வைத்து, அங்கே காவலுக்கு நிற்கும் முனியப்பரின் வேலில் கட்டிவிட்டால் அவரே வந்து விசாரிப்பார். அவர் வந்துபோகத் தூரத்துக்கேற்ற வழிச்செலவும் கட்ட வேண்டும்.

மேலிடங்களுக்கு அஞ்சாத கோதண்டபாணிக்கு முனியப்பர் என்றதும் வேர்த்தது. காட்டெருமையில் பாய்ந்து ஏறினார். தெருமுனையில் உண்மையான ரோடு தொடங்கியதால், சட்டத்தை மதித்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தார்.

கோயில் அலுவலகத்தில் வழிச்செலவைக் கணக்கிட, தெரு எவ்வளவு தூரம் என்று பூர்ணிமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மூச்சிரைக்க நடுவில் புகுந்தார்.

“இந்தப் பிராது செல்லாதுங்க. வழிச்செலவு வாங்கறீங்க, சாமி வர்றதுக்கு வழி வேணாமா? எங்க தெருவுல ரோடே கெடையாது. இருக்கிற பள்ளத்துல முனியப்பர் குதிரைக்குக் காலு ஒடிஞ்சிடும்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூர்ணிமா பதறவில்லை.

“நானும் அதத்தாண்ணா எழுதியிருக்கேன், ரோடு இல்லன்னு. சாட்சிக்குத்தான் ஆளு இல்லாம நிக்கிறேன்.”

தன் கொள்கையை எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்ட வெற்றியில் கோதண்டபாணி நெஞ்சை நிமிர்த்தினார். அவள் நீட்டிய பேனாவை வாங்கினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கெட்ட பழக்கம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. கையெழுத்திட்டு, சட்டைப்பையிலிருந்த சங்க முத்திரையை எடுத்து ஊதி, அழுத்திக் குத்தினார்.

அன்று முனியப்பரின் வேலில் கட்டிய பிராதுகளில் ஒன்றில்தான் எதிரியின் பெயரும் சாட்சியின் பெயரும் ஒரே பெயராக இருந்தன, பதவியோடு.