மூன்றாவது பெட்டி

ஒழுங்கான மனிதன் செய்யும் தவறும் ஒழுங்காகவே நடக்கும். என் மாமாவைப் பலிகொடுத்து நான் தெரிந்துகொண்ட உண்மை இது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் சட்டசபைத் தேர்தலில், திருவொற்றியூர்க் குப்பத்தில் படகு வைத்திருந்த என் தாய்மாமா நின்றார். கட்சி, அவரே தொடங்கிய 'கரையோர மக்கள் கட்சி'. (உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள்.) துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நான் அவருடைய ஏஜெண்டு.

"ஊரு பூரா தோத்தாலும் பரவால்லடா. நம்ம குப்பத்துச் சாவடில மானத்தக் காப்பாத்திக் குடு, கனகாவ உனுக்கே கட்டி வெக்கிறேன்" என்றார். கனகா அவர் மகள். எனக்கு வேறு கொள்கை தேவைப்படவில்லை.

அப்போது ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. அதன்மேல் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய், வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். மாமாவின் சின்னம் குடம். எதிரியான மாவு மில் முதலாளிக்குக் கூஜா. மட்டமான அச்சில் இரண்டும் கத்தரிக்காய் மாதிரி இருந்தன.

ஆகவே நான் படத்தை நம்பவில்லை, வரிசையை நம்பினேன். முதலில் வந்த பட்டியலில் மாமா மூன்றாவது, மில்காரர் நான்காவது. தினமும் மணலில் ஐந்து மண்ணெண்ணெய் டின்களை வரிசையாக வைத்துக் குப்பத்தையே பழக்கினேன்.

"படத்தப் பாக்காதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு!"

"மீனக்கூட நா இப்டி எண்ணி வித்ததில்ல நைனா" என்று அலுத்துக்கொண்டாள் மீன்காரி அஞ்சலை.

இதற்கிடையில் பட்டியலில் முதலாவதாக இருந்தவர் விலகிக்கொண்டார். என் நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதினேன்: 'ஒரு போட்டி குறைந்தது. நல்ல செய்தி.' (எழுதியதோடு சரி. யோசிக்கவில்லை.)

தேர்தலன்று சாவடியிலிருந்து வெளியே வந்த ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்கள். மாமாவும் காட்டினார். நானும் எனக்கே காட்டிக்கொண்டேன்.

ஓட்டு எண்ணும் இடத்தில் எங்கள் சாவடியின் கூஜாப் பெட்டியைத் திறந்தார்கள். சீட்டுகள் பிதுங்கிக்கொண்டு வந்தன. அடுத்தது குடம். அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். கவிழ்த்தார். அடியில் தட்டினார். ஒரே ஒரு சீட்டு விழுந்தது.

சிவப்பு மையில் எழுதியது இப்போதுதான் உறைத்தது. முதல் ஆள் விலகியதும் எல்லோரும் ஓரிடம் முன்னால் நகர்ந்திருந்தார்கள். மூன்றாவது பெட்டி கூஜா!

மாமா அந்த ஒற்றைச் சீட்டையும் தன் மூன்று விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ… நா யாருக்குடா ஓட்டுப் போட்டேன்?"

வீடு வந்ததும் மாமா வெடித்தார். "இவனுக்கா பொண்ணு? இவன் தாலியக்கூட மூணாவதா நிக்கிறவ கயுத்துல கட்டுவான்!"

அப்போதுதான் கனகா உள்ளேயிருந்து வந்தாள்.

"அந்த ஒரு ஓட்டு என்னுது நைனா. கூஜாவுக்குப் பிடி கீது, கொடத்துக்கு இல்ல. இது தெரிய எண்ணவா வேணும்? உனுக்கு ஓட்டுப் போட்டது நா ஒருத்திதான். என் கோரிக்கைய நீ கேக்க மாட்டியா?"

மாமா ஒரு தொகுதியைத் தோற்றவர். வாய்த்த ஒரே வாக்காளரையும் இழக்க அவருக்கு மனமில்லை. அடுத்த தையில் எங்கள் கல்யாணம் நடந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதமும் நீள்வதில்லை. கனகா ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாள். மாமா உட்பட எல்லோரும் அடங்கிவிடுவோம்.