கிளெனிஸ் பாஸ்கோவின் ஈர மூக்கு

செந்துகள் பறக்கும் பர்ரா என்னும் பதியின் தகரக்கூரைகள் தகதகக்க, யூகலிப்டஸ் உச்சியில் வெண்கிளிகள் பறைகொட்ட, எழுந்தருள்க, கிளெனிஸ் பாஸ்கோ! தூரிகை ஏந்திய தோளினாய், எண்ணெய் வண்ணம் தோய்ந்த ஏப்ரனாய், தன் முகத்தைத் தானே முற்றுகையிட்ட தனிப்பெருந் தலைவியே, நின் புகழை நாவலர் பாடாதொழியினும் நாங்கள் பாடுவோம். ஊரில் இப்போது வேறு விசேஷம் எதுவும் இல்லை.

பகைவர் யாரெனில், மூக்கு. கண்ணாடி பார்த்துத் தாமே தீட்டிய தம் முகப்படத்தின் நட்டநடுவே கொடிநாட்டி நின்ற அம்மூக்கை அடக்கவே ஆண்டுதோறும் தலைவி படையெடுத்தார். ஊர்த் திருவிழாவின் ஓவியக்கூடத்தில் அப்படம் தொங்க வேண்டும், தபாலாபீஸ்காரர் முதல் மதுக்கடைக்காரர் வரை அதன்முன் நிற்க வேண்டும் என்பது அவர் பேராசை. நிற்பவர்கள் வாயைத் திறப்பார்களே என்பது அவர் பேரச்சம். இவ்விரு பெரும்படைகளும் மோதாமல் காத்தது கூடத்தின் ஒரு சட்டம்: ஈரம் காயாத படத்தைச் சுவரில் ஏற்றமாட்டார்கள். அடடா, சட்டமா அது, சரணாலயம்! மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த படத்தின் மூக்கில், ஒப்படைக்கும் நாள் காலையில், ஒரே ஒரு தீற்று என்று வண்ணம் வைப்பார், மூக்கு ஈரமாகும், படம் வாயிலிலிருந்தே வீடு திரும்பும், கலைஞருக்குத் திருப்தி ஏது என்று தலைநிமிர்ந்து அவரும் திரும்புவார். மோசமான ஓவியரைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும். ஈரமான ஓவியரை யார் என்ன செய்ய முடியும்?

இந்த ஆண்டு கணவர் ட்ரெவர், செம்மறிகளுக்கு உரோமம் கத்தரித்தே முதுகு வளைந்த அம்மாவீரர், முந்திக்கொண்டார். தூரிகைகளையும் வண்ணக் குழாய்களையும் வாரி, வண்டியின் கருவிப்பெட்டியில் பூட்டி, சாவியைக் காலுறைக்குள் செருகி முழங்கினார்:

"இனிமே அந்த மூக்கு மேல கை பட்டுச்சு, நான் ஆட்டுக்கொட்டகையிலதான் படுப்பேன், பாத்துக்க!"

அந்தோ, பாவம் மனிதர்! ஏப்ரன் பையில் இளஞ்சிவப்புக் குழாய் ஒன்று பதுங்கியிருந்ததை அவர் அறியார். வண்டியைத் திருப்பி நிறுத்த அவர் போன இடைவெளியில், காது குடையும் பஞ்சுக்குச்சியை வேலென ஓங்கித் தலைவி பாய்ந்தார். வலது நாசி வீழ்ந்தது. இடது நாசி பணிந்தது. நுனி மட்டும் நெடும்போர் புரிந்து, முன்பு இருந்ததைவிடப் பெரிதாய் எழுந்து நின்றது.

கூடத்தின் வாயிலில் வீற்றிருந்தார் ஐடா ட்ரெஸிடர்: ஓவியப் பிரிவின் காவல்தெய்வம், ஜாம் போட்டியிலும் கேக் போட்டியிலும் தொட்டுப் பார்த்தே தீர்ப்பு வழங்கிய ஆட்காட்டி விரலுக்கு உரியவர். அவ்விரல் நீண்டது. மூக்கு நுனியில் அழுந்தியது. இளஞ்சிவப்பாய் மீண்டது.

"ஏம்மா கிளெனிஸ், இந்த வருஷமும் சளியா ஒனக்கு?"

படங்களோடு பின்னால் நின்ற வரிசை சிரித்தது. ட்ரெவர் தம் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்தார். ஆனால் என்னே விந்தை! ஐடாவின் விரல் பதிந்த இடத்தில், எந்தத் தூரிகைக்கும் அடங்காத அம்மூக்கு, சற்றே சப்பையாய், உயிரோடு, கிளெனிஸின் மூக்காகவே அமர்ந்திருந்தது.

"அடியே, இது நீயேதான்டி!" என்று கூவினார் ஐடா. "கொண்டா இப்படி. கைக்கு எட்டாத உசரத்துல மாட்டிடறேன், காயட்டும். சட்டமாவது ஒண்ணாவது!"

முழங்குக முரசே! அதிர்க திசைகளே! சரணாலயம் தகர்ந்தது, சுவர் காத்திருந்தது, சுத்தியல் உயர்ந்தது, ஊரே வாயைத் திறக்கத் தயாராய் நின்றது. ஐடா சட்டகத்தின் ஒரு புறத்தைப் பற்ற, மறுபுறத்தைத் தலைவி பற்ற, விடுவாரா விடமாட்டாரா என்று வரிசையெல்லாம் மூச்சடக்க, தன்னைத் தானே வென்றும் தன்னிடமே தோற்றும் பழகிய அப்பெருமாட்டி படத்தைத் தம் பக்கம் இழுத்து அணைத்து, பேரிகைக் குரலில் உலகுக்கு அறிவித்தார்:

"இல்ல ஐடா, எடது கண்ணு கொஞ்சம் சரியில்ல."

அன்று ட்ரெவர் ஆட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டார்.