கண்ணைச் சின்னதாக்கியவர்

மனைவியின் கண்ணைத் தானே சரிசெய்துவிடுவது என்று ஸ்டுடியோக்காரர் தீர்மானித்தபோது, அவருக்கு டாக்டர் ஞாபகமே வரவில்லை. கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வந்தது.

எல்லாம் ஒரு குடும்பப் படத்தால் வந்த வினை. அதைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறேன்?" என்று முகம் வாடிப்போனாள். ஊரார் முகப்பருவை அழித்தே பிழைக்கிறவர், சொந்தப் பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டாரா? இமையைக் கொஞ்சம் கீழே இழுத்தார். விழியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"இப்பப் பாரு!"

பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளை எப்போது படம் எடுத்தாலும் இதே வைத்தியம். வீட்டுக்குள் நடமாடியவள் இளைத்துக்கொண்டே போனாள். மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்தாள். தூக்கத்தில்கூடக் கண் முழுசாக மூடவில்லை. சுவரில் மாட்டியிருந்தவள் மட்டும் அழகாகிக்கொண்டே வந்தாள். அவர் சுவரைத்தான் அதிகம் பார்த்தார்.

ஒருநாள் காலை அவள் சிவந்த கண்ணோடு வந்து நின்றாள்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"நானுமா ரெண்டா தெரியறேன்?"

"ஒண்ணையே சமாளிக்க முடியலை. கிளம்புங்கன்னா!"

கண் டாக்டரம்மா நெடுநேரம் சோதித்தார். "தைராய்டு கோளாறு மாதிரி இருக்கு. ரத்தம் பார்த்துடலாம். பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வரும். கண்ணுக்குப் பின்னாடி சதை வீங்கி, கண்ணை முன்னால தள்ளும். எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியணுமே... பழைய படம் ஏதாவது இருக்கா?"

"படத்துக்கா நம்மகிட்ட பஞ்சம்!" என்று செல்போனை நீட்டினார். தொழில் பழக்கம். நீட்டிய பிறகுதான் அவை எந்தப் படங்கள் என்று உறைத்தது.

டாக்டரம்மா தள்ளித் தள்ளிப் பார்த்தார். "போன மாசம்வரைக்கும் கண்ணு ஜோரா இருக்கே! திடீர்னு இவ்வளவு வீங்கியிருந்தா விஷயமே வேற..."

"இல்லீங்க... அது வந்து... நான் லேசா ஒரு டச்சப்..."

மனைவி பைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தாள். உள்ளே பாஸ்போர்ட் சைஸ் படங்கள். மாசாமாசம் எடுத்தவை. வரிசையாக வைத்தால், கண் மெல்ல மெல்லப் பிதுங்குவது யாருக்கும் தெரியும். மூலையில் அவர் ஸ்டுடியோவுக்கு எதிரே இருக்கும் போட்டோக் கடையின் முத்திரை. அவருக்கும் அந்தக் கடைக்காரனுக்கும் வருஷக்கணக்கில் பேச்சு கிடையாது.

"அந்த ஆளுகிட்டயா போனே?"

"அவருக்கு டச்சப்பே வராதுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க."

அவர் ஒரு படத்தை எடுத்து, மூலையிலிருந்த முத்திரையை விரலால் மறைத்துப் பார்த்தார்.

"உங்க படத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடிதான் பொய் சொல்லுதோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதான் போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதுன்னேன். நீங்க ஸ்டுடியோ லைட்டைக் குறைச்சீங்க."

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் சீட்டு எழுதினார். "முன்னாடியே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். இனிமே குறையும். ஆனா பழையபடி முழுசா உள்ளே போகும்னு இப்பச் சொல்ல முடியாது."

ஸ்டுடியோக்காரர் மனைவியின் கண்ணைப் பார்த்தார். எத்தனையோ மாசங்களுக்குப் பிறகு நேராக, பக்கத்திலிருந்து.

"இனிமே மாசாமாசம் நானே எடுக்கறேன். ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன். சத்தியமா!"

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"அடுத்த மாசமும் படம் வேணும்மா. அந்த டச்சப் வராத கடையிலேயே எடுத்துடுங்க."