தரை விலை

விலை தரையைத் தொடும்வரை டிஜிட்டல் டி.வி. பெட்டி வாங்குவதில்லை என்று டைம்கீப்பர் சபதம் எடுத்தார். எடுத்த கையோடு, வெறும் புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருந்த டி.வி.யின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார்.

பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இனி டி.வி.யோடு அந்தச் சின்னப் பெட்டியைச் சேர்த்தால்தான் படம் தெரியும். ஊரே ஓடிப்போய் நாலாயிரம் கொடுத்து வாங்கியது. இவர் அசைந்தால்தானே? பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவது இவர் உத்தியோகம். இருபது வருஷமாக எழுதுகிறார். ஒரு வண்டியாவது நேரத்துக்கு வந்ததா என்றால் இல்லை. ஆனாலும் எது எப்போது வரும் என்று தனக்குத்தான் தெரியும் என மனுஷனுக்கு ஒரு நினைப்பு.

"முந்திக்கிட்டு வாங்குறவன் முட்டாள்" என்றார் மனைவியிடம்.

"நான் பாக்குற தொடர்ல அந்தப் பொண்ணு மாமியாரோட சண்டை போட்டுட்டுத் துணிப்பையோட வாசல்ல வந்து நின்னுச்சு. மூணு வாரமா வாசல்லயே நிக்குதுங்க."

"நிக்கட்டும். விலை இறங்கினா உள்ளே போயிடும்."

அந்த அம்மாள் அன்று சாப்பாட்டில் உப்பைக் கூட்டியதோடு சரி.

அடுத்த வாரம் கடைக் கண்ணாடியில் புது விலை ஒட்டினார்கள். டைம்கீப்பர் வீட்டுக்குள் நுழையும்போதே மார்பு முன்னால் வந்தது.

"இன்னிக்கு எண்ணூறு லாபம்."

"எங்கே?"

"எங்கேன்னா? நாலாயிரம் இருந்தது மூவாயிரத்து இருநூறு ஆயிடுச்சு. போன வாரமே வாங்கியிருந்தா எண்ணூறு போயிருக்கும். போகலை. அது லாபம் இல்லாம வேற என்ன?"

"லாபம்னா கையில இருக்கணுமே. கொடுங்க, டப்பாவுல போட்டு வைக்கிறேன்."

கொடுக்காவிட்டால் லாபம் பொய் என்றாகிவிடும். சட்டைப்பையிலிருந்து எண்ணூறை எடுத்துக் கொடுத்தார். புத்தி கடன் கிடைக்காத சாமான், என்ன செய்வது!

பிறகு எழுநூறு இறங்கியது. கொடுத்தார். ஐநூறு இறங்கியது. அதையும் கொடுத்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டரை மட்டும் சும்மா விடவில்லை.

"டாக்டர், உங்களுக்கு ரெண்டாயிரம் போச்சே."

"நான் ரெண்டு மாசமா டி.வி. பாக்குறேனே, சார்."

"பாருங்க, பாருங்க" என்று சிரித்துவிட்டு வந்தார். வீட்டிலும் நச்சரிப்பு நின்றிருந்தது. அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பாவம்.

இன்னும் இரண்டு தடவை ஐநூறு ஐநூறாக இறங்கி, விலை ஆயிரத்தில் வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் கும்பிட்டார்.

"இனிமே இறங்காது, சார். தினமும் கண்ணாடியில மூக்கை வெச்சுப் பாக்குறீங்க, துடைச்சு மாளல. வாங்கிட்டுப் போங்க."

டைம்கீப்பர் அரை நாள் லீவு போட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். போர்வை அழகாக மடித்து நாற்காலியில் இருந்தது. டி.வி.யில் படம் ஜொலித்தது. எதிரே மனைவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்படித் தெரியுது?"

"பெட்டி வாங்கினா தெரியுது. ரெண்டாயிரத்துக்கு இறங்கின அன்னிக்கு உங்க லாபமும் சரியா ரெண்டாயிரம் சேர்ந்திருந்துச்சு. போய் வாங்கிட்டேன்."

"அப்புறம் கொடுத்த ஆயிரம்?"

"ஒரு வருஷச் சந்தா."

"இத்தனை நாளா எங்கே வெச்சிருந்தே?"

"போர்வைக்குள்ளதான். சபதம் எடுத்த மனுஷன் நீங்க தூக்கிப் பாக்க மாட்டீங்களே."

டைம்கீப்பர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். டப்பாவுக்குப் போனது மூவாயிரம். கையில் இருக்கும் பெட்டிக்கு ஆயிரம். ஊரிலுள்ள முட்டாள்கள் முதல் நாளே கொடுத்த அதே நாலாயிரம். அவமானமாக இருந்தது.

"இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வரேன்."

"எதுக்குங்க? விலை இறங்கினதும் மாப்பிள்ளை ஒண்ணு வாங்கித் தருவார்னு எங்க அம்மாகிட்ட போன மாசமே சொல்லிட்டேன்."