அறுபது தாளும் ஒரு வெற்று ஃபோல்டரும்

கணினிச் சுட்டி ஏந்திய வலக்கையள், மூக்கில் இறங்கிய கண்ணாடியள், கட்டிய கோப்பு மூட்டையைத் தானே ஒருமுறை அவிழ்த்துப் பாராமல் எவருக்கும் அனுப்பாத கடுந்தவத்தள், கட்டட அலுவலகத்தின் மூன்றாம் மேசையைத் தனிக்குடை நிழற்றி ஆளும் வரைபடக்காரி வாழ்க! அவள் வீற்றிருந்த அரியணையின் ஒரு சக்கரம் மட்டும் உருளாது.

முன்னம் அவள் கைபிசகி வரைந்த மாடிப்படி ஒன்று, வீறுகொண்டு எழுந்து, வளைந்து, நிமிர்ந்து, நேரே இரண்டாம் மாடிக் குளியலறைக்குள் போய் முடிந்திருந்தது. திருத்திய படம் நான்கு மணிக்குள் வராவிட்டால் பழையதைப் பார்த்தே கலவையைக் கொட்டிவிடுவேன் எனக் காண்டிராக்டர் சூளுரைத்திருந்தார். கொட்டினால் அவள் வேலை போய்விடும்.

படையின் அணிவகுப்பைக் கேளீர்! ஐந்து மாடிக்கு ஐந்து ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தாள். எந்த மாடியானாலும் தாள்களுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை அதே பெயர்தான். அது அந்த அலுவலகத்தின் அசைக்கமுடியாத வழக்கம். மொட்டைமாடிக்கு ஆறாவதாய் ஒரு வெற்று ஃபோல்டர், அங்கே மாற்றமில்லை என்பதற்கு அடையாளமாக. ஆறையும் மின்னஞ்சலில் அனுப்ப ஒரே ஜிப் மூட்டையாய்ச் சுருக்கிக் கட்டவேண்டும்; ஆறும் இல்லாத மூட்டையைக் காண்டிராக்டர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

மணி மூன்று. பக்கத்து மேசை அண்ணன் களத்தில் குதித்தார்.

"என் ஜிப் சுருக்கிய மிஞ்ச ஒண்ணு இனிமேதான் பொறக்கணும்மா! நொடியில கட்டிரும்."

நொடியில்தான் கட்டியது. ஆயின், மாற்றார் ஊரின் மதிற்சுவர்களை இடித்துத் தரைமட்டமாக்கும் மதயானையென ஃபோல்டர்களை எல்லாம் மிதித்துத் துவைத்து, தாள்களை மட்டும் அள்ளி ஒரே குவியலாய்த் திணித்திருந்தது. அவள் அவிழ்த்தாள். முதலாம் தாளை முதலாம் தாள் விழுங்கிற்று, அதை இன்னொரு முதலாம் தாள் விழுங்கிற்று. ஐம்மாடிப் பெருமாளிகை பன்னிரண்டே தாளில் ஒற்றை மாடியாய்க் குந்திக்கொண்டது. அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனார்.

மணி மூன்றரை. தேநீர்க் குவளையே செங்கோலாய் எழுந்தருளினார் முதலாளி.

"பத்து வருஷமா நான் இதத்தான் வச்சிருக்கேன். ஒரு தூசியக்கூட விட்டதில்ல."

அவர் சுருக்கி தூசியை விடவில்லைதான். ஐந்து மாடியும் அடுக்குக் குலையாமல், அறுபது தாளும் தத்தம் வீட்டில் வந்து நின்றன. மொட்டைமாடி மட்டும் இல்லை! உள்ளே ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததாகவே எண்ணி அது வழியிலேயே கழற்றிவிட்டிருந்தது. முதலாளி குவளையோடு திரும்பும்வரை காத்து, அவள் அந்த மூட்டையை அழித்தாள்.

மணி மூன்றே முக்கால். அவள் திரையின் மூலைமுடுக்கெல்லாம் துழாவினாள். கணினி வாங்கிய நாள் முதல் அதனுள்ளேயே குடியிருந்தும், பெயர்கூடப் பெறாமல், எவரும் சீண்டாமல் கிடந்த சுருக்கி ஒன்று கண்ணில் பட்டது. 'வருவது வரட்டும்' என்று அதன் தலையில் அழுத்தினாள். ஆடி அசைந்து, ஊர்ந்து, நடுவில் ஒருமுறை மூச்சடங்கி, அது வேலையை முடித்தது. அவிழ்த்தாள். ஆகா! ஐந்து மாடி, அறுபது தாள், அவற்றுக்கெல்லாம் மேலே, ஒன்றுமில்லாமையின் முழுப் பெருமையோடு மொட்டைமாடி! முரசம் அதிர்க, சங்கம் முழங்குக, மூன்றாம் மேசையின் மேல் மலர்மாரி பொழிக! நான்கு அடிக்க ஆறு நிமிடம் இருக்கையில் மின்னஞ்சல் பறந்தது.

உடனே ஃபோன் அடித்தது, காண்டிராக்டர்தான்.

"ஏம்மா, வந்துச்சு. ஆனா என் ஃபோன்ல இது தொறக்கவே மாட்டேங்குது. அஞ்சு மணி வரைக்கும் கலவையப் போடாம வச்சிருக்கேன், பேப்பராவே கொண்டு வந்துரும்மா."

அவள் அறுபது தாளையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.