முப்பதாந்தேதி வரைக்கும் போட்ட கையெழுத்து

அன்னிக்கு எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். அட்டெண்டன்ஸ் நோட்ட போட்டோ புடிக்கணும்.

படூர்ல ஒரு சூப்பர் மார்க்கெட்ல பில்லு போடற ஆளு நானு. மூணு வருஷமா காலைல பத்து மணிக்கு போவேன், சாயங்காலம் ஏழு மணிக்கு கெளம்புவேன்.

திங்கக்கெழம முதலாளி கூப்ட்டாரு. "வியாபாரம் டல்லா கீதும்மா. இன்னிலேர்ந்து ரெண்டு மணிக்கே கெளம்பிடு. சம்பளமும் பாதிதான்"னாரு.

வியாபாரம் டல்லுன்னா என் வூட்டு வாடகையும் டல்லாவுமா?

"இன்னாண்ணே இது! ஏழு மணி வரைக்கும் வேலன்னுதானே சேத்தீங்க?"

"எந்த பேப்பர்ல எழுதிகீது? காட்டு பாப்போம்."

பேப்பரா! வேலைக்கு சேந்தப்போ அவரு சொன்னது "நாளைக்கு வந்துடு". அவ்ளோதான். அத எங்கேர்ந்து காட்டறது?

பக்கத்து கவுண்ட்டர் மும்தாஜ்தான் வழி சொன்னா. "பேப்பர் இல்லன்னா இன்னாடி? செங்கல்பட்டுல லேபர் ஆபீஸ் கீது. நீ வந்த டைம், போன டைம் எல்லாம் அட்டெண்டன்ஸ் நோட்டுல கீதுல்ல? அத போட்டோ புடிச்சினு போ."

புடிக்க போனேன். ரெண்டு பக்கம் புடிக்கறதுக்குள்ள பின்னாடி முதலாளி!

"இன்னா பண்ணிகினு கீற?"

"செல்ஃபிண்ணே."

"நோட்டு கூடயா?"

"மூணு வருஷ பழக்கம்ண்ணே."

மனுஷன் என்ன ஒரு மாதிரியா பாத்துட்டு போய்ட்டாரு. பாவம், சம்பளம் பாதியான கவலைல மறை கழண்டுடுச்சின்னு நெனச்சிருப்பாரு.

ரெண்டு மணிக்கு கெளம்பி, திருப்போரூர்ல பஸ் மாறி, செங்கல்பட்டு போய் சேந்தேன். ஒண்ணு சொல்லணும். அவரு மேல புகார் குடுக்க டைம் குடுத்ததும் அவருதான்.

ஆபீஸ்ல ஒரு மேடம் இருந்தாங்க. எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. போன வாங்கி, போட்டோவ விரலால பெருசு பண்ணி பாத்தாங்க.

"இன்னிக்கு தேதி என்னம்மா?"

"பதினெட்டு மேடம்."

"இதுல முப்பது வரைக்கும் வேலை பாத்து முடிச்சிட்டியே?"

நானு நாக்க கடிச்சிக்கினேன்.

விஷயம் இன்னான்னா, எங்க கடைல ஒண்ணாந்தேதியே மாசம் முழுசுக்கும் கையெழுத்து போட்டுடுவோம். வர்ற டைம் பத்து, போற டைம் ஏழு, கடகடன்னு முப்பது வரி! டெய்லி அந்த நோட்டுக்கு க்யூல நிக்கறது பேஜாரா கீதுன்னு ஐடியா குடுத்ததே நாந்தான். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அவரும் ஓரத்துல வரிசையா கையெழுத்து போட்டுட்டு, எனக்கு ஒரு பால்கோவா பாக்கெட் குடுத்தாரு.

மேடம் இன்னும் வுடல.

"இருபத்தஞ்சாம் தேதி காய்ச்சல்னு லீவு எழுதியிருக்க. அடுத்த வாரம் வரப்போற காய்ச்சல் உனக்கு ஒண்ணாந்தேதியே தெரிஞ்சிடுச்சா?"

"அது... மாமா பொண்ணு கல்யாணம் மேடம்."

பக்கத்து மேஜைக்காரருக்கு தண்ணி பொரையேறிடுச்சி.

போச்சு! நியாயம் கேக்க வந்தவ நானே மாட்டிக்கினேன். எனக்கு அழுகையே வந்துடுச்சி. "மேடம், தப்புதான். ஆனா பாதி சம்பளத்துல வாடகை குடுக்க முடியாது. வூட்ட காலி பண்ண வேண்டியதுதான்"னேன்.

அவங்க கொரலு கொஞ்சம் எறங்குச்சி. "அழாதம்மா. எழுதி குடுக்கலன்னாலும், மூணு வருஷமா எந்த நேரம் வேலை பாத்தியோ அதுதான் ஒப்பந்தம். உன்ன கேக்காம அவரா பாதியாக்க முடியாது"ன்னாங்க. முதலாளி நம்பர வாங்கி போன போட்டாங்க. ஸ்பீக்கர்ல!

"அந்த பொண்ணா? அது மொதல்லேர்ந்தே அரை நாள்தான் மேடம்."

அடப்பாவி!

"அப்படியா? உங்க நோட்டுல தெனமும் ஏழு மணி வரைக்கும்னு இருக்கே. நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க. நாளைக்கும் போட்டிருக்கீங்க, நாளன்னிக்கும் போட்டிருக்கீங்க."

முதலாளி வாய தொறக்கறதுக்குள்ள மேடமே அடுத்தத கேட்டாங்க.

"ஒண்ணு, இந்த பொண்ணு முழு நாள் ஆளு. இல்லன்னா உங்க நோட்டு பொய். எதுன்னு நேர்ல வந்து சொல்றீங்களா?"

"ஐயோ வேணாம் மேடம்! நாளைலேர்ந்தே ஏழு மணி வரைக்கும் வேல பாக்க சொல்லுங்க!"

"அத எழுத்துல குடுங்க."

போன வெச்சிட்டு என் பக்கம் திரும்புனாங்க. "உனக்கும்தான் சொல்றேன். இனிமே அன்னன்னிக்கு கையெழுத்த அன்னன்னிக்கு போடணும். வேணும்னா கல்யாணத்துக்குன்னே லீவு கேளு."

தலைய ஆட்டிட்டு ஓடியாந்தேன்.

மறுநாள் காலைல லெட்டர் வந்துச்சி. பத்துலேர்ந்து ஏழு, முழு சம்பளம், கீழ கடை சீலு. முதலாளி என் மூஞ்ச பாக்காமயே குடுத்தாரு. நானு கடை பூரா எல்லார் கைலயும் காட்டுனேன். பருப்பு வாங்க வந்தவங்களுக்கு கூட காட்டுனேன்.

சாயங்காலம், காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கசொல்ல மும்தாஜ் கேட்டா. "ஏண்டி, கடைல வேல செய்றவங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு கூட சட்டம் கீதாம். மேடம் கைல அத கேட்டியா?"

கேக்கல. இன்னும் அஞ்சு மணி நேரம் சேத்து நிக்கற உரிமைய மட்டும் போராடி வாங்கிகினு வந்துட்டேன்.