இடப்பக்கம் குளிருது

நாலு ஆங்கில வார்த்தை புதிதாகக் கற்றுக்கொண்டவளிடம் யாரும் தன் உடம்பைக் காட்டக்கூடாது. இதை நான் சொன்னால் நம்பலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒருத்தியாக மதுரையில் நான் திரிந்திருக்கிறேன். மாட்டிக்கொண்டவர் என் அப்பா.

அப்போது கே.கே. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி பிரிவில் தற்காலிக வேலை. அங்கே ஒரே மூட்டுவலியை நாங்கள் 'பிடிப்பு' என்று எழுதுவோம், எக்ஸ்ரே அறையில் 'குத்தல்' என்பார்கள், கட்டுப் போடும் அறையில் 'உளைச்சல்' என்று இருக்கும். பார்த்துப் பார்த்து நொந்துபோன பெரிய டாக்டர், பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு பட்டியலை சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தார். இனி எல்லாப் பிரிவும் அதில் உள்ள ஆங்கிலச் சொல்லைத்தான் எழுத வேண்டும். என்ன தொந்தரவு, எந்த இடம், எப்போது, எத்தனை நாளாக என்று நாலு கட்டம். நோயாளி சொல்லும் கதைக்குக் கட்டம் கிடையாது.

பதினெட்டுப் பக்கத்தையும் நான் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். (வீட்டில் அம்மா இறந்து மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்ய ஏதாவது கிடைத்தால் போதும் என்று இருந்தது.) டாக்டருக்குப் பரம திருப்தி. மற்றவர்களுக்கு நானே வகுப்பு எடுக்க வேண்டும், கடைசி நாள் அவர் முன்னால் ஒரு நோயாளியை வைத்து நடத்திக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவர்களை எல்லாம் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். அதிகம் திட்டு வாங்கியவர் கட்டுப் போடும் அறை மூக்கையா அண்ணன். திருப்பரங்குன்றத்துக்காரர். நான் வைத்த மூன்று பரீட்சையிலும் ஃபெயில். நோயாளி சொன்னதை அப்படியே எழுதிவைப்பார். "மருமக வீட்டுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து முதுகு வலிக்குதாம்" என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்.

"மருமக எதுக்குண்ணே இதுல?" என்று சீறினேன்.

"அவுக அதைத்தான தாயி மொதல்ல சொன்னாக?" என்றார்.

சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டேன்.

கடைசி நாளும் வந்தது. கத்திரி வெயில். ஏற்பாடு செய்து வைத்திருந்த நோயாளி, பெரிய டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் ஊசி போட்டுவிடுவார்களோ என்று பயந்து ஓடிவிட்டார். நான் வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், எதிரே அப்பா தூக்குவாளியோடு வருகிறார். ரிட்டயரான டவுன் பஸ் கண்டக்டர். அம்மா போனபின் சமையல் அவர்தான். கோச்சடையிலிருந்து தினமும் மத்தியானம் பஸ் மாறிச் சோறு கொண்டுவருவார். சாம்பாரில் ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து இருக்கும்.

"அப்பா, உங்களுக்கு உடம்புல ஏதாச்சும் செய்யுதா?" என்றேன் அவசரமாக.

அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. "செய்யுதுத்தா. உன்கிட்டச் சொல்லணும்னுதான் நானும்..."

"இப்பச் சொல்லாதீங்க! கிளாஸ்ல வந்து சொல்லுங்க!"

பாவி, அப்படித்தான் சொன்னேன்.

முப்பது பேருக்கு முன்னால் அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். முன்வரிசையில் பெரிய டாக்டர். என் கையில் சாக்பீஸ்.

"என்ன தொந்தரவு?"

"இடப்பக்கம் குளிருதுத்தா."

வகுப்பே விசிறிக்கொண்டிருக்கிறது, இவருக்குக் குளிருதாம். இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டியலில் கிட்டத்தட்டப் பொருந்திய 'சென்சரி லாஸ்' என்று போர்டில் எழுதினேன், அதாவது தொட்டால் உணர்ச்சி இல்லை என்று. இடம்: இடப்பக்கம். எப்போது: படுத்தால். எத்தனை நாளாக என்றதற்கு, "மூணு மாசமா" என்றார். அதையும் எழுதி, அழகாக அடிக்கோடு போட்டேன்.

டாக்டர் துள்ளி எழுந்துவிட்டார். ஒரு பக்கம் உணர்ச்சி இல்லையென்றால் பக்கவாதமாக இருக்கலாமே! அப்புறம் அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருவர் பஞ்சால் தடவினார், ஒருவர் சுத்தியலால் முட்டியில் தட்டினார், ஒருவர் ஊசியால் குத்திக் குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்றார்.

"குத்துனா தெரியாதாய்யா?" என்றார் அப்பா பரிதாபமாக.

எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வேலை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து மூக்கையா அண்ணன் எழுந்து வந்து, அப்பாவின் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"அண்ணே, மூணு மாசம்னா மாசியில இருந்தா?"

"ஆமா."

"மாசியில என்னண்ணே நடந்துச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ அம்மா போய்ட்டாய்யா. அவ இடப்பக்கம்தான் படுப்பா. முப்பது வருசமா. இப்பப் படுத்தா அந்தப் பக்கம் சில்லுனு இருக்கு. போர்வை போட்டாலும் போகல."

யாரும் விசிறவில்லை. 'மூன்று மாதம்' என்று என் கையெழுத்தில், அடிக்கோட்டோடு போர்டில் இருந்தது. அம்மா இறந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அதை எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நேரத்தில் ஒரு மகள் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டுமா இல்லையா? நான் பட்டியலைப் புரட்டினேன். சத்தியமாக. ஒவ்வொரு பக்கமாக, இதற்கு ஒரு சொல் இருக்கும் என்று தேடினேன்.

"இல்லாட்டி விடுத்தா" என்றார் அப்பா. "சோறு ஆறுது."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மூக்கையா அண்ணனுக்குப் பாஸ் போட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

வராந்தாவில் அப்பாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு இல்லை. என் கண்ணீர் விழுந்தும் உப்பு ஏறவில்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"நீதானத்தா கிளாஸ்ல வந்து சொல்லச் சொன்ன?"

ஊருக்கு வந்த என் தம்பியிடம் அப்பாவே ஊசிக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அன்று பிடித்தது. வீட்டில் யார் முனகினாலும், "சென்சரி லாஸா? எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. அப்பா போன பிறகும் நிற்கவில்லை. என் பிள்ளைகளும் கேட்டார்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பேன், அந்த முப்பது பேர் முகமும் ஞாபகம் வரும்.

போன ஆவணியில் என் வீட்டுக்காரர் இறந்தார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போய் ஒரு மாதம் கழித்து, சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"என்னம்மா, உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லடா. சென்சரி லாஸ்."

சிரித்தான். "எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. மறுநாள் காலை பையோடு வாசலில் வந்து நின்றான்.